ஊதாக் கால்கள்

1943 ஏப்ரல் 18, ஞாயிறு

இந்த நோட்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரிடமும் காட்டாதீர்கள். வாய்விட்டுப் படிக்காதீர்கள். படித்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மேலே நான் போட்டிருக்கும் வருஷத்துக்கே பள்ளிக்கூடத்தில் அடி விழும். இப்போது 2603 என்றுதான் எழுத வேண்டும். ஜப்பான் கணக்கு. கடிகாரத்தையும் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைத்தாகிவிட்டது. விடிவதற்கு முன்பே ஆறு மணி அடிக்கிறது. சூரியன் மட்டும்தான் பழைய நேரத்துக்கு வருகிறது.

என் பெயர் நீலாயதாட்சி. வயது பதின்மூன்று. மலாயாவில், பேராக்கில் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டம். அப்பா மாசிலாமணி தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர், டாக்டருக்கு உதவியாள். சண்டை வந்ததும் வெள்ளைக்கார டாக்டர் காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். அதனால் இப்போது ஊசி போடுவது, பல் பிடுங்குவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அப்பாதான்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பகலில் அதைக் கேட்க ஆளில்லை. ஜப்பான் அரசாங்கம் இந்தச் சண்டையை எதற்காகப் போடுகிறது?

பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லித்தருகிறார்கள். தினமும் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துக் குனிந்து எழுந்ததும் ஞானப்பிரகாசம் சார் கேட்பார், "யாருக்காகச் சண்டை?" நாங்கள் எல்லோரும், "நமக்காக!" என்போம். ஆசியா ஆசியாக்காரர்களுக்கே என்று சுவரில் எழுதியிருக்கிறது. நமக்காக என்றால் சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா புரண்டு படுக்கிறாள். போதும்.

ஏப்ரல் 20, செவ்வாய்

காலையிலும் மரவள்ளிக்கிழங்கு. ராத்திரியும் மரவள்ளிக்கிழங்கு. உப்பு இல்லை.

தண்ணீர்க் குழாயில் பொன்னுருவியைப் பார்த்தேன். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் என் வயதில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. அவளுடைய சித்தப்பா முத்தையா பொங்கலுக்கு மறுநாள் சயாமுக்குப் போனார். அங்கே ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடுகிறார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றிப் போனார்கள்.

"சித்திரை பொறந்து ஒரு வாரமாச்சு. சித்தப்பா வரல. கடுதாசியும் வரல" என்றாள்.

"வழியில இருப்பாரு."

"ஒருத்தர் வழியில இருக்கலாம். போன அத்தன பேருமா வழியில இருப்பாங்க?"

அவர்கள் லாரியில் ஏறிய அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் அப்பாதான் ஊசி போட்டார். உடம்பு சரி என்று கையெழுத்துப் போட்டார். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையை மூன்று மாதத்துக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பொட்டலம் மடித்தது நான். இரண்டு பேருக்குக் காலில் புண். ஊதா மருந்து பூசியிருந்தது. நடக்க முடியாதவன் வேண்டாம் என்று அதிகாரி அவர்களை லாரியிலிருந்து இறக்கிவிட்டார். கொடுத்துவைக்கவில்லையே என்று இருவரும் அழுதார்கள்.

இப்போது இரண்டாவது தடவை ஆள் எடுக்கிறார்கள். சக்கரவர்த்தி பிறந்தநாள் 29ஆம் தேதி வருகிறது. அன்றைக்கு ஜப்பான் அதிகாரி ஒகாவா ஆட்களை எடுக்க வருவார். பொன்னுருவியின் அப்பா சடையன் தானாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். தோளில் ரப்பர் பால் வாளியோடு வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"சயாமுலேருந்து பர்மா, பர்மாவுலேருந்து கல்கத்தா, கல்கத்தாவுலேருந்து நாகப்பட்டணம். ஒரே ரயிலு பாப்பா. கப்பல்ல குடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துக்கிட்டு வந்தவன், ஜன்னலோரமா உக்காந்து போவப் போறேன். ஜப்பான்காரன் இந்தியாவுக்குத்தான பாத போடுறான்? நம்ம கையால நம்ம பாத!"

"எங்கள யாரு பாத்துக்குவா?" என்றாள் பொன்னுருவி.

"மூணு மாசம். மூணே மாசம். உங்க ஆத்தா இருந்தா இப்புடித்தான் கேட்டிருப்பா."

அவளுக்கு அம்மா இல்லை. சித்தப்பாவும் போய்விட்டார். சடையனும் போனால் அவளும் தம்பியும்தான்.

ஏப்ரல் 22, வியாழன்

மழை. துணி காயவில்லை. அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

ஏப்ரல் 24, சனி

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

பிறந்தநாள் விழாவுக்காக ஆசியா படம் பெரிதாக வரைய வேண்டும், ஜப்பான் ஜெயித்த இடத்திலெல்லாம் கொடி போட வேண்டும் என்று உத்தரவு. நான் நன்றாக வரைவேன் என்பதால் சார் என்னை வரச்சொன்னார். அதிகாரி அலுவலகத்திலிருந்து வெள்ளைத் தாள் ஒரு சுருள் வந்திருந்தது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. சார் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெள்ளைக்காரன் காலத்துப் படம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, அதன்மேல் தாளைப் போட்டார்.

"கரையை மட்டும் பார்த்து வரை. மத்தது ஒண்ணும் வேணாம்."

பழைய படம் சாதாரணப் படம் இல்லை. எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று சின்னச் சின்னச் சித்திரமாகப் போட்டது. நெற்கதிர், ரப்பர் மரம், ஈயக்கட்டி, எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம். கரையை வரைந்து முடித்தேன். சார் பத்திரிகையைப் பார்த்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் அந்தந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் கொடியாக்கினேன்.

பலெம்பாங் என்றார். தாளுக்கு அடியில் எண்ணெய்க் கோபுரம் மங்கலாகத் தெரிந்தது. அதன் தலையிலேயே என் கொடி உட்கார்ந்தது. போர்னியோ என்றார். மறுபடியும் எண்ணெய்க் கோபுரம். கெடா. நெற்கதிர். ஈப்போ. ஈயக்கட்டி. ரங்கூன். நெற்கதிர். கொஞ்சம் மேலே இன்னும் ஒரு எண்ணெய்க் கோபுரம், அங்கும் கொடி. பத்துப் பன்னிரண்டு கொடி போட்ட பிறகு சார் படிப்பதற்கு முன்பே அடுத்து எங்கே போடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தாளைத் தூக்கிப் பார்த்தேன். கொடி விழாத சித்திரம் கொஞ்சம்தான் மீதி இருந்தது.

பிறகு இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பழைய படத்தை அச்சடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களும் நமக்கு நல்லது செய்யத்தான் வந்தோம் என்று பழைய பாடப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா?

ஏப்ரல் 26, திங்கள்

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மற்ற பிள்ளைகள் போனதும் மெதுவாக, "சார், கொடி இல்லாத எடத்துல ஆசியாக்காரங்க இல்லையா சார்?" என்றேன்.

சார் என்னைப் பார்க்கவில்லை. முதலில் கதவைப் பார்த்தார். பிறகு ஜன்னலை.

"ஏம்மா அப்படிக் கேக்கிற?"

"எல்லாக் கொடியும் ஏதாவது வெளையிற எடத்துலயே விழுதே சார். ஒண்ணும் வெளையாத எடத்துல இருக்கிறவங்களையும் காப்பாத்தணும்ல?"

"நீலா, உன் கை நல்லா வரையுது. கை மட்டும் வேலை செய்யட்டும். தலையை வீட்டுல வச்சிட்டு வா."

சொல்லிவிட்டுப் பழைய படத்தை எட்டாக மடித்து வாய்க்குள் போட்டுக்கொள்கிறவர் மாதிரி அவசரமாகச் சட்டைக்குள் செருகினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. திரும்பி வந்தவர் கையிலிருந்த கரியை வேட்டியில் துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு நான்கு பிள்ளைகள்.

படம் போனால் என்ன, என் கண்ணுக்குள் இருக்கிறது.

அதே நாள், பிறகு

காலையில் ஈப்போவுக்குப் போன அப்பா வந்துவிட்டார். எல்லாத் தோட்டத்து டிரெசர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவிடம் பேசியது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"சயாம் பாதைக்கு என்ன மருந்து வேணும்னு எழுதி வந்திருக்கு. நான் கொய்னா கேப்பாங்கன்னு நெனச்சேன். சுண்ணாம்பு கேட்டிருக்காங்க."

"சுண்ணாம்பா?"

"மூட்டை மூட்டையா சுண்ணாம்புத் தூளு."

 அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காட்டில் குடிசைகளுக்கு வெள்ளையடிக்கவா சுண்ணாம்பு கேட்கிறார்கள்? அதற்கு அம்மா ஏன் அழ வேண்டும்?

அப்பா வெளியே போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 27, செவ்வாய்

பால்வெட்டு முடிந்து சடையன் வரும்வரை காத்திருந்தேன். "அந்த ரயிலு ஊருக்குப் போவாது" என்றேன். மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன். சயாம். மலை. பர்மா. பாதை அங்கே முடிகிறது. அதற்கப்புறம் இன்னும் மலை. இந்தப் பக்கம் கடல்.

சடையன் குந்தி உட்கார்ந்து கவனமாகப் பார்த்தார். "நாகப்பட்டணம் எங்க இருக்கு?"

நான் எழுந்து ஆறேழு அடி நடந்து போய்க் குச்சியை ஊன்றினேன்.

அவர் சிரித்தார். "டிரெசரய்யா மவ நல்லா வெளையாடுது. இந்தா பாரு பாப்பா. வெள்ளைக்காரன் ஆளு எடுக்கிறப்ப, அங்க மரத்துலேருந்து பால் ஒழுகும்னு கங்காணி எங்கப்பன்கிட்ட சொன்னான். புடிச்சுக் குடிக்கலாம்னு செம்பு எடுத்துக்கிட்டு வந்தாரு எங்கப்பன். அது பொய்யின்னா, இவன் சொல்றதும் பொய்யாத்தான் இருக்கணுமா?"

  போகும்போது என் குச்சியைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

பொன்னுருவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்புடியாச்சும் நிப்பாட்டு நீலா" என்றாள்.

ஏப்ரல் 28, புதன்

ஆஸ்பத்திரி அலமாரியில் ஊதா மருந்துத் தூள் டப்பா ஒன்று குறைகிறது என்று அப்பா சொன்னார். யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 29, வியாழன்

நேற்றுப் பொய் எழுதினேன். இந்த நோட்டிலும் பொய் எழுதினால் உண்மையை எங்கே எழுதுவது? எடுத்தது நான்.

ஒரு சிட்டிகைத் தூள் ஒரு வாளித் தண்ணீரை ஊதாவாக்கிவிடும். சடையன் மத்தியானம் கள் குடித்துவிட்டுக் குறட்டை விடும்போது பாதம் இரண்டிலும் பூசிவிடு, லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று சொல்லிப் பொன்னுருவியிடம் டப்பாவைக் கொடுத்தேன். ஒரே ஒருவருக்கு. இரண்டே பாதத்துக்கு.

ஆனால் லயத்தில் ஒரு வீட்டுக்கு வந்தது ஒரு வீட்டோடு நிற்காது. மண்ணெண்ணெய் வந்தாலும் கருவாடு வந்தாலும் சுவர் தாண்டிச் சுவர் போகும். வேலி போட்ட வீட்டில் வளர்ந்த எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. பொன்னுருவி கரைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா, "என்னாடி அது?" என்று கேட்டிருக்கிறாள். இவளும் சொல்லிவிட்டாள். நேற்றுச் சாயங்காலத்துக்குள் அத்தனை பெண்களும் தங்கள் வீட்டு ஆட்களின் காலில் பூசச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இன்று காலை கொடியேற்றி, பாட்டுப் பாடி, என் படத்துக்கு அதிகாரி ஒகாவா தலையை ஆட்டியபிறகு, சயாமுக்கு எடுத்த ஆட்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். நாற்பது பேர். எண்பது ஊதாக் கால்கள்.

 கோழி ஒன்று குறுக்கே போனது.

நொண்ட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் வலது காலை நொண்டினார். ஞாபகம் வந்து இடது காலையும் நொண்டினார். சடையன் மட்டும் நேராக நின்று, "எவடி பண்ண வேல இது" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒகாவா பேசுவதைத் தமிழில் சொல்லும் துபாஷி அப்பாவைக் கூப்பிட்டார். "எல்லோருக்கும் ஒரே நாளில் எப்படிப் புண் வந்தது என்று கேட்கிறார்."

அப்பா முட்டி போட்டு உட்கார்ந்தார். முதல் ஆளின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். வரிசை முடியும்வரை ஒன்றைக்கூட விடவில்லை. எந்தப் பாதத்திலும் புண் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் அப்போது தெரிந்திருக்கும். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"சேத்துப்புண்ணு. மழை ஓயல பாருங்க. ஒட்டுவாரொட்டி. ஒரு கூடாரத்துல படுத்தா ஜப்பான் சிப்பாய்ங்களுக்கும் வரும்."

ஒகாவா பிரம்பால் சடையனின் பாதத்தை அழுத்தினார். சடையன் அப்பாவைப் பார்த்தார். அப்பா சடையனைப் பார்த்தார்.  பிறகு சடையன் தோட்டமே அதிர, "அய்யய்யோ எங்கம்மா!" என்று கத்தினார்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ராணுவ டாக்டரோடு வருவதாக ஒகாவா சொன்னார். காலைக் கழுவிப் பார்ப்பார்களாம். அடியில் புண் இல்லையென்றால் மருந்து பூசியவர் பதில் சொல்ல வேண்டும் என்று துபாஷி சொல்லும்போது அவருடைய குரலே இறங்கிவிட்டது.

ஏப்ரல் 30, வெள்ளி

என் வலது கை விரல்கள் மூன்றும் ஊதா. தூளை எடுத்தபோது கை வியர்த்திருந்தது. அம்மா எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தோல் எரியத் தேய்த்தாள். போகவில்லை. சாப்பிடும்போது அப்பா என் விரலைப் பார்த்தார். தட்டில் கிழங்கை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மே 1, சனி

பகலில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் அப்பாவின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை ஊதாவாக இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து, "நாப்பது பேருக்குப் பூசினவன் கை வேற எப்படிம்மா இருக்கும்?" என்றார். அவ்வளவுதான். அவர் யாருக்கும் பூசவில்லை. எனக்கு அழுகை வந்தது. "அழாத. விரலை மடக்கி வச்சுக்கோ" என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வருவது மாதிரி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சடையனும் வந்தார். நான் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, நெசத்தச் சொல்லுங்க. ரயிலு நாகப்பட்டணம் போவாதா?"

"போகாது சடையா."

"எந்தம்பி?"

அப்பா கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "பொங்கலுக்கு நாந்தான் ஊசி போட்டு அனுப்பினேன். உடம்பு சரின்னு எழுதிக் குடுத்தேன். இப்ப அவங்க மருந்து கேக்கல. சுண்ணாம்பு கேக்கிறாங்க. காலரா வந்த எடத்துல சுண்ணாம்பு எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

சடையனுக்குத் தெரிந்தது. இப்போது எனக்கும் தெரிகிறது, குழியில் பிணங்களின்மேல் தூவ. நான் மடித்த பொட்டலங்கள் நினைவுக்கு வந்தன.

சடையன், "அப்ப யாருக்குத்தான் ஐயா அந்தப் பாத?" என்றார்.

"பட்டாளத்துக்கு. குண்டு போறதுக்கு, அரிசி போறதுக்கு. நாம போறதுக்கு இல்ல."

"நமக்காகன்னானே."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. காட்டோரம் சீனங்க கிழங்கு போட்டிருக்காங்க. கேட்டா எடம் குடுப்பாங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போ. வரிசையில உள்ள எல்லார்ட்டயும் சொல்லு. ஒரே சமயத்துல போகாதீங்க."

"நீங்களும் வாங்க ஐயா."

"எல்லாரும் ஓடினா எல்லாரையும் தேடுவாங்க. ஒருத்தன் நின்னா அவன்கிட்ட கேட்டுட்டுப் போயிடுவாங்க."

சாயங்காலம் லயத்தில் பாதி அடுப்பு எரியவில்லை. பொன்னுருவி சொல்லிக்கொள்ள வரவில்லை. குழாயடியில் அவளுடைய சிரட்டை இருந்தது. உள்ளே ஊதாவாகக் காய்ந்திருந்தது. எடுத்துக் கழுவினேன். அதுவும் போகவில்லை.

நாளை விடியும் முன்னால் அம்மாவும் நானும் மாட்டு வண்டியில் மாமா வீட்டுக்குப் போக வேண்டுமாம். மூட்டை கட்டியாகிவிட்டது. அப்பாவின் வேட்டி ஒன்றுகூட மூட்டையில் இல்லை.

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று மத்தியானம் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் நாளை மறுபடியும் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பேன்.

முதல் பக்கத்தில், யாரிடமும் காட்டாதீர்கள் என்று கேட்டேன். அதை மாற்றிக் கேட்கிறேன். நோட்டை மூட்டையில் எடுத்துப் போகமாட்டேன். ஆஸ்பத்திரியில் பஞ்சு வைக்கும் தகரப் பெட்டியில் வைக்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் இதைக் காட்டுங்கள். ஒகாவாவிடம் காட்டுங்கள். துபாஷியிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். டப்பாவை எடுத்தது மாசிலாமணி டிரெசர் இல்லை, அவர் மகள் நீலாயதாட்சி. என் விரலில் இருப்பது தூள் பட்ட கறை, நகக்கண்ணில் திட்டுத்திட்டாக இருக்கும். அப்பாவின் கையில் இருப்பது கரைத்த தண்ணீரில் கையைத் தோய்த்த கறை, ஒரே சீராக இருக்கும். உண்மையான டாக்டராக இருந்தால் வித்தியாசம் தெரியும். தயவுசெய்து எங்கள் இருவர் கைகளையும் பக்கத்தில் வைத்துப்

லாரிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை என்றுதானே சொன்னார்கள்? அவர்கள் கடிகாரத்தில் ஞாயிறு பிறந்துவிட்டதா?

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா, "வரேன், வரேன்" என்கிறார். என்னைத் திரும்பிப் பார்த்து விரலை மடக்கு என்று தன் கையை மடக்கிக் காட்டுகிறார். நான் மடக்கமாட்டே